கழுவிய ரத்தம்

காலை ஒன்பது இருபது. வெள்ளை அணுக்கள் தொண்ணூற்று நாலாயிரம். பெயர் தன்ஷிகா, வயது ஒன்றரை மாதம்.

சின்னக் குப்பியில் ரத்தம் வந்தது. கொண்டுவந்தவர் டாக்டர் சீனிராஜ். வயது நாற்பத்தொன்பது. கோவில்பட்டியில் இருபது வருடத்துக்கு மேல் குழந்தை மருத்துவராக இருந்தவர். இப்போது மதுரையில், ஒரு பெரிய மருத்துவமனையின் இரண்டாம் மாடி ஆய்வகத்தில் மாணவர்.

ஆசிரியை டாக்டர் முத்து ஜைனப். காயல்பட்டினத்துக்காரர். மாணவரைவிடப் பல வருடம் இளையவர். வெள்ளை அணுக்களின் மேற்பரப்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்ப்பது அவர் வேலை.

சேர்ந்த அன்று ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிடுவது என்று இருவருக்கும் குழப்பம். மாணவர் மேடம் என்றார். ஆசிரியை அண்ணாச்சி என்றார். அதுவே நிலைத்துவிட்டது.

"ஓடிக்கிட்டிருந்த கிளினிக்கை ஏன் மூடினீங்க அண்ணாச்சி?" என்று அன்று ஜைனப் கேட்டார்.

"ஒரே மருந்து மேடம். ஒரே அளவு. ஒரு பிள்ளைக்கு ஆறுது, இன்னொரு பிள்ளைக்கு ஆற மாட்டேங்குது. ஏன்னு கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். எந்தப் பிள்ளையும் பதில் சொல்லல."

"பதில் சொல்ற வயசா அதுங்களுக்கு?"

"அதான் உங்ககிட்ட வந்தேன்."

இன்று குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ஜைனப் கேட்டார்.

"பிள்ளைக்கு என்ன?"

"சாத்தூர்ப் பிள்ளை. தொப்புள்ல புண், காய்ச்சல். புண் கருத்துப்போய்ப் பரவுது. ஆனா சீழ் இல்லை. ஒரு சொட்டு இல்லை."

"வார்டுல என்ன நினைக்கிறாங்க?"

"எண்ணிக்கையைப் பார்த்துட்டு ரத்தப் புற்றுநோய்னு சந்தேகப்படுறாங்க. சாயங்காலம் அந்தப் பிரிவுக்கு மாத்தணுமாம். மாத்துனா மருந்து தொடங்கிடுவாங்க."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

சீனிராஜ் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

"அரைஞாண் கயித்துல வெள்ளித் தாயத்து கட்டியிருந்தாங்க மேடம். ஆட்டிப் பார்த்தேன். காலி."

விழுந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் இடுப்பில் கட்டுவது அவர்கள் பக்கத்து வழக்கம். கொடி ஒரு வாரம், பத்து நாளில் விழும். இந்தக் குழந்தைக்கு இன்னும் விழவில்லை. தாயத்தை முதலில் செய்து கட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள்.

ஜைனப் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"கொடி விழுறதுக்கும் வெள்ளை அணு அங்க வந்து சேரணும்."

"அதான் மேடம் இடிக்குது. இத்தனை ஆயிரம் சிப்பாய் இருந்தும்..."

"சிப்பாய், போர், எதிரி எல்லாம் பாடப்புத்தகத்தோட போகட்டும். செல்லுக்குக் கண்ணு கிடையாது, காது கிடையாது. மேல்தோல்ல நீட்டிக்கிட்டிருக்கிற ரிசெப்டர்தான் அதுக்குக் கை. தொட்டாத்தான் தெரியும். ரத்தக் குழாயில ஓடுற செல்லு, புண்ணுக்குப் பக்கத்துல வந்ததும் சுவரைப் பிடிக்கணும். பிடிச்சாத்தான் நிக்கும். நின்னாத்தான் வெளிய இறங்கும். பிடிக்கிற கை இல்லைன்னா?"

சீனிராஜ் யோசித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"பைபாஸ் வண்டி மேடம்."

"என்னது?"

"மதுரைல திருநெல்வேலி வண்டிக்கிட்ட போய் நின்னா, கண்டக்டர் முதல்ல கேக்கறது 'கோவில்பட்டியா?'. ஆமான்னா ஏத்த மாட்டான். ஊருக்குள்ள போகாதுன்னுருவான். மீறி ஏறினவன் சொந்த ஊரை ஜன்னல் வழியா வேடிக்கை பார்த்துக்கிட்டே திருநெல்வேலி போய்ச் சேருவான்."

"அப்ப வண்டில கூட்டம் ஏறிக்கிட்டே போகும்."

"ஊர்ல ஒருத்தன் இருக்க மாட்டான்."

"தொண்ணூற்று நாலாயிரம் பேர் வண்டில. புண்ணுல ஒருத்தரும் இல்லை." ஜைனப் குப்பியைத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான் இருக்கு. பரீட்சைல இதை எழுதி வைக்காதீங்க."

அவர்கள் தேடிய கைக்கு சிடி பதினெட்டு என்று பெயர். அது குழந்தையின் வெள்ளை அணுக்களில் இருந்தால் நோய் வேறு; வார்டு தன் வழியில் தேடிக்கொள்ளும். இல்லையென்றால் எந்த மருந்தும் கொஞ்ச நாளைக்குத்தான். பொருந்தும் ஒருவரின் எலும்பு மஜ்ஜையைக் குழந்தைக்கு ஏற்றுவது ஒன்றே வழி. அந்த நிலையில் புற்றுநோய் மருந்தைக் கொடுத்தால் குழந்தை தாங்காது.

பார்க்கும் முறை எளிது. அந்தக் கையை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதம் ஒன்றில் ஒளிரும் சாயத்தைக் கட்டி ரத்தத்தில் விடுவார்கள். பிறகு செல்களை வரிசையில் ஒவ்வொன்றாக லேசர் ஒளிக்கு முன் ஓடவிடுவார்கள். ஒளிர்ந்தால் கை இருக்கிறது. இருட்டாக இருந்தால் இல்லை. அந்த இயந்திரத்தை ஆய்வகத்தில் ஃப்ளோ என்பார்கள்.

"எனக்கு வகுப்பு இருக்கு. நீங்களே ஓட்டுங்க," என்று சொல்லிவிட்டு ஜைனப் போனார்.

ரத்தம் கலங்கலாக இருந்தது. சீனிராஜுக்கு அது பிடிக்கவில்லை. உப்புநீர் விட்டுச் சுழற்றி, மேல்நீரை வடித்து, மறுபடி விட்டு, மறுபடி வடித்துக் கழுவினார். தெளிந்த பிறகும் ஒருமுறை கழுவினார். இருபது வருடமாகத் தாய்மார்களுக்கு அவர் சொன்ன முதல் வார்த்தை கழுவுங்கள் என்பதுதான். அவர் கைகளே கழுவிக் கழுவி வெளுத்தவை.

ஆன்டிபாடி விட்டார். காத்திருந்தார். ஓட்டினார்.

திரையில் புள்ளிகள் குவிந்தன. ஒளிர்ந்தன.

சீனிராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஒளிர்வு குறைந்துவிடவில்லை.

தேநீர் குடிக்கக் கீழே போனவர் தேநீர்க் கடைக்குப் போகவில்லை. குழந்தைகள் வார்டுக்குப் போனார்.

குழந்தையின் தாய் கார்த்தீஸ்வரி வார்டு வாசலில் நின்றிருந்தார். இருபத்தாறு வயது. மூத்தது பெண், ஏழு வயது, ஊரில் பள்ளிக்கூடம் போகிறது. நடுவில் ஒரு பையன். மூன்றாம் மாதத்தில் தொப்புள் புண்ணோடு போய்விட்டான்.

"நான் பயந்த நோய் இல்லைம்மா," என்றார் சீனிராஜ். "கை இருக்கு."

"எந்தக் கை சார்?"

"செல்லுக்குக் கை. இருக்கு. நீ சாப்பிடு முதல்ல."

கார்த்தீஸ்வரி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கணவருக்கு ஃபோன் போட்டார். "ஏங்க, ஒண்ணுமில்லையாம். டாக்டரே வந்து சொல்லிட்டாரு," என்று அவர் சொல்வது படிக்கட்டு வரை கேட்டது.

ஜைனப் வகுப்பு முடிந்து வந்தார். திரையைப் பார்த்தார். நின்றபடியே பார்த்தார். பிறகு உட்கார்ந்து பார்த்தார்.

"கை இருக்கு மேடம்," என்றார் சீனிராஜ்.

ஜைனப் எழுந்தார். கழுவிய செல்களில் மிச்சம் இருந்ததை எடுத்துக்கொண்டு பின்பக்க மேசைக்குப் போனார். ஒரு புதுக் குழாயில் விட்டார். குளிர்பெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து அதில் ஒரு துளி சேர்த்தார். குழாயில் எதுவும் எழுதாமல் கொண்டுவந்து நீட்டினார்.

"இதையும் ஓட்டுங்க."

சீனிராஜ் ஓட்டினார். புள்ளிகள் குவிந்தன. ஒளிர்ந்தன.

"என்ன இருக்கு?"

"கை இருக்கு. முதல் குழாய் மாதிரியேதான். சொல்லப்போனா ஒரு பொடி கூடுதலாவே."

"உறுதியா?"

"உறுதியா."

"கையெழுத்துப் போடுவீங்களா?"

"இப்பவே போடுவேன்."

ஜைனப் வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து குப்பியை எடுத்து அவர் முன்னால் வைத்தார். சீனிராஜ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு லேபிளைப் படித்தார். மறுபடி படித்தார்.

கடல் பாறையில் ஒட்டி வாழும் ஒரு நத்தையின் ரத்தப் புரதத்தைப் பிடிப்பதற்காக உண்டாக்கிய ஆன்டிபாடி அது. மனித உடம்பில் அது பிடிக்க எதுவும் கிடையாது. ஒளிரக் கூடாத இடத்தில் ஒளிர்கிறதா என்று பார்ப்பதற்காகவே வைத்திருப்பது.

"எங்க ஊர்க் கடற்கரையில அந்த நத்தைக்குச் சொந்தக்காரங்க நிறைய," என்றார் ஜைனப். "சாத்தூர்ல இருக்கா அண்ணாச்சி?"

சீனிராஜ் சிரிக்கவில்லை.

"பிள்ளை ரத்தத்துல நத்தை இருக்குன்னு எழுதிக் கொடுத்துருவோமா?"

"மேடம்."

"எதைப் பிடிச்சு ஒளிருது இது?"

சீனிராஜ் தரையைப் பார்த்தார். ஒரு தாளை எடுத்து ஆன்டிபாடியின் உருவத்தை வரைந்தார். கவட்டை மாதிரி இருக்கும். மேலே இரண்டு கிளை, கீழே ஒரு காம்பு. கிளைகளின் நுனிதான் தேடியதைப் பிடிக்கும். அவர் பேனா காம்பில் நின்றது.

"காம்பு."

"ம்."

"நுனி எதையும் பிடிக்கல. செல்லுதான் காம்பைப் பிடிச்சிருக்கு."

"ஏன் பிடிச்சுது?"

"எல்லா ஆன்டிபாடிக்கும் காம்பு ஒண்ணுதான். அதைப் பிடிக்கிறதுக்குன்னே வெள்ளை அணுவுல வேற ஒரு ரிசெப்டர் இருக்கு. ஆனா..." அவர் நிறுத்தினார். "ஆனா ரத்தத்துக்குள்ள அந்தக் கை எப்பவும் நிறைஞ்சுதான் இருக்கும். உடம்போட சொந்த ஆன்டிபாடியே அதுல உக்காந்திருக்கும். நாம விடறதுக்கு அங்க இடம் இருக்காது."

"இங்க எப்படி இடம் வந்துச்சு?"

சீனிராஜ் தன் வெளுத்த கைகளைப் பார்த்தார்.

"கழுவிட்டேன் மேடம்."

"எத்தனை தடவை?"

"தெளியிற வரைக்கும். தெளிஞ்ச பிறகும்."

ஜைனப் தலையசைத்தார். "கை காலியாச்சு. வந்ததைப் பிடிச்சுது. காய்ச்சல்ல கிடக்கிற உடம்புல அந்தக் கை இன்னும் கூடுதலா முளைக்கும். பிள்ளைக்கு எவ்வளவு முடியலையோ அவ்வளவு ஒளிரும்."

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன் மேடம்."

"என்னன்னு?"

"இருக்குன்னு."

ஜைனப் திட்டவில்லை. அது சீனிராஜுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

தொலைபேசி அடித்தது. வார்டின் தலைமை மருத்துவர். ஜைனப் எடுத்தார்.

"இன்னும் முடியல சார்... இல்லை... இல்லை சார், ஏறக்குறையன்னு ஒரு ரிசல்ட் என்கிட்ட கிடையாது... படுக்கை காலியா இருக்குங்கறதுக்காக மாத்தாதீங்க. நான் சொல்ற வரைக்கும் ஒரு ஊசி ஏறக் கூடாது... ஆமா, என் பொறுப்பு. எழுதியே தரேன்."

வைத்துவிட்டுக் கேட்டார்.

"கழுவாத ரத்தம் மிச்சம் இருக்கா?"

"ஒரு துளி இல்லை."

"அப்ப மறுபடி எடுக்கணும்."

"நீங்களும் கூட வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா..."

"அவங்களுக்கு நான் யாரு? நான் எதுவும் சொல்லலையே அவங்ககிட்ட."

சீனிராஜ் ஊசியும் குப்பிகளும் எடுத்துக்கொண்டார். கதவருகே நின்றார்.

"போய் என்னன்னு மேடம் சொல்றது?"

"தெரியாதுன்னு."

"டாக்டர் வாயால தெரியாதுன்னு சொன்னா ஜனங்க..."

"கஷ்டமாத்தான் இருக்கும். எனக்கும் அது சீக்கிரம் வரல. போங்க."

கார்த்தீஸ்வரி கட்டிலருகே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்திருந்தார். சீனிராஜின் கையில் ஊசியைப் பார்த்ததும் பொட்டலத்தை மடித்தார்.

"என்ன சார்?"

"காலைல நான் சொன்னது தப்பும்மா."

"எது தப்பு? கை இருக்குன்னீகளே, அதுவா?"

"அதுதான்."

"அப்ப இல்லையா?"

"இல்லைன்னும் சொல்லல."

"இருக்கும்பீக, இல்லம்பீக, ரெண்டும் இல்லம்பீக. இதென்ன சார் சீட்டுக் குலுக்கலா?" அவர் குரல் உயர்ந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். "எங்க வீட்டுக்காரரு லோடு வண்டிய ஓரங்கட்டிட்டு நடுரோட்டுல நின்னு அழுதாரு, ஒண்ணுமில்லன்னு நான் சொன்னதுக்கு. அவருக்கு இப்ப நான் என்ன சொல்ல?"

"தப்பு என்னோடது. நான் சோதனையைத் தப்பாச் செஞ்சேன். சரியாச் செய்யணும். அதுக்கு மறுபடி ரத்தம் வேணும்."

"தப்புச் செஞ்சது நீக. ரத்தம் எம்புள்ளையா குடுக்கணும்?"

"ஆமாம்மா."

கார்த்தீஸ்வரி அவரை உற்றுப் பார்த்தார். இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை.

"சரி, ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க. இருந்தா நல்லதா, இல்லாட்டி நல்லதா?"

"ரெண்டும் நல்லதில்லை."

"பெறகு என்னத்துக்கு இந்தப் பாடு?"

"இருந்தா ஒரு வழி. இல்லாட்டி வேற வழி. தெரியாம இந்த வழிக்காரங்களை அந்த வழில கூட்டிட்டுப் போனா பிள்ளை தாங்காது. சாயங்காலம் கூட்டிட்டுப் போறதாத்தான் இருக்காங்க. எங்க மேடம் தடுத்து வச்சிருக்காங்க."

குழந்தை முனகியது. கார்த்தீஸ்வரி குனிந்து விசிறினார். நிமிராமலே பேசினார்.

"எம்பையன் போனப்ப என்ன நோயின்னு கேட்டேன். செப்டிக்குன்னாக. ஏன் செப்டிக்கு ஆச்சுன்னு கேட்டேன். சுத்தமா வச்சிருக்க மாட்டியான்னாக. அன்னைக்கிருந்து நான் கையக் கழுவாத நேரமில்ல சார். இவ பெறந்ததுல இருந்து துணிய ரெண்டு தடவ வெந்நீர்ல போட்டுத்தான் உடுத்துதேன்."

 அந்த வார்த்தையை எத்தனை தாய்மார்களிடம் அவரே சொல்லியிருப்பார் என்பது சீனிராஜுக்குத்தான் தெரியும்.

"நீ சுத்தமில்லாம எதுவும் நடக்கலம்மா," என்றார் கடைசியில். "அது மட்டும் எனக்கு இப்பவே தெரியும்."

கார்த்தீஸ்வரி நிமிர்ந்தார்.

"நீகளே எடுங்க. அந்த நர்சுப் புள்ளைக நாலு எடத்துல குத்துதுக. எந்தப் பதில் வந்தாலும் நீகளே வந்து சொல்லணும். ஆள் விட்டுச் சொல்லக் கூடாது."

"நானே வருவேன். ஒப்பிட்டுப் பார்க்க உன் ரத்தமும் கொஞ்சம் வேணும்."

"எனக்கு எம்புட்டு வேணும்னாலும் எடுங்க. வாளி கொண்டாந்தீகளா?"

சீனிராஜ் குழந்தையின் புறங்கையை வெளிச்சத்துக்குத் திருப்பினார். விரலால் தடவினார். அவசரப்படவில்லை. ஊசி ஒரே தடவையில் இறங்கியது. குழந்தை அழுவதற்குள் எடுத்துவிட்டார்.

ஆய்வகத்துக்கு வந்ததும் சட்டைக் கையைச் சுருட்டி ஜைனப் முன்னால் நீட்டினார்.

"நல்ல ரத்தம் ஒண்ணு பக்கத்துல வேணும். என்னைக் குத்துங்க மேடம்."

"உங்களுக்குச் சர்க்கரை இருக்கே அண்ணாச்சி."

"சர்க்கரை இருந்தா கை இருக்காதா?"

"இருக்கும் இருக்கும். வாய்தான் கொஞ்சம் கூட இருக்கு. பஞ்சை எடுங்க."

இம்முறை சீனிராஜ் எதையும் கழுவவில்லை. காம்பைப் பிடிக்கும் கைகளை வேறு ஆன்டிபாடி கொடுத்து முதலில் நிரப்பினார். பிறகுதான் சாயம் கட்டியதை விட்டார். ஒவ்வொரு ரத்தத்துக்கும் ஒரு நத்தைக் குழாய் தனியாக வைத்தார். ஜைனப் பக்கத்து மேசையில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் நத்தைக் குழாய்கள். மூன்றும் இருட்டு.

சீனிராஜ் மூச்சை விட்டார்.

அடுத்து அவருடைய ரத்தம். திரையின் வலது கோடியில் குன்று மாதிரி எழுந்து நின்றது. ஒளி.

அடுத்து தாயின் ரத்தம். குன்று நடுவில் நின்றது. அவருடையதற்குப் பாதி ஒளி.

கடைசியில் குழந்தை. குன்று இடது கோடியில் எழுந்தது. நத்தைக் குழாயின் படத்தை அதன் மேல் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்தன. இடையில் ஒரு நூல்கூட இடம் இல்லை.

"மேடம்."

ஜைனப் வந்து பார்த்தார்.

"என்ன இருக்கு?"

"இல்லை."

"உறுதியா?"

சீனிராஜ் தன் குன்றைக் காட்டினார். "என்னோடது அங்க நிக்குது. ஆன்டிபாடி வேலை செய்யுது. நத்தை இருட்டு. காம்பு ஒட்டல. ரெண்டும் சரியா இருக்கறதாலதான் சொல்லுதேன். பிள்ளைக்குக் கை இல்லை."

"கையெழுத்து?"

இந்தத் தடவை அவர் உடனே போடுவேன் என்று சொல்லவில்லை. இன்னொரு முறை ஓட்டினார். அதே படம் வந்தது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"அந்தப் பொண்ணுக்குப் பாதிதான் இருக்கு மேடம். நல்லாத்தானே இருக்கா?"

"பாதி போதும் அண்ணாச்சி. பாதிக் கையோட நூறு வயசு வாழலாம். வீட்டுக்காரர் யாரு?"

"தாய்மாமன் மகன்."

"சொந்தத்துல கட்டியிருக்காங்க. அவருக்கும் பாதியாத்தான் இருக்கும். ரெண்டு பேர்கிட்டயும் இல்லாத பாதிதான் இவளுக்கு வந்து சேர்ந்திருக்கு. மூத்த பிள்ளையை நாளைக்கே வரச் சொல்லுங்க. பொருந்துதான்னு பார்ப்போம்."

ஜைனப் வார்டைத் தொலைபேசியில் கூப்பிட்டார். புற்றுநோய்ப் பிரிவுக்கு மாற்ற வேண்டாம் என்றார். காரணத்தை ஒரே வரியில் சொன்னார். எதிர்முனை என்னவோ கேட்டது. "ஆமா, டாக்டர் சீனிராஜ்தான் ஓட்டினார். அவர் கையெழுத்து. என் கையெழுத்தும் இருக்கும்," என்றார்.

சீனிராஜ் மூன்று படங்களையும் அச்சடித்து எடுத்துக்கொண்டார். ஆனால் கிளம்பவில்லை.

"இன்னும் என்ன?"

"இருக்கறதை ஒருத்தர்கிட்ட சொல்றது சுலபம் மேடம். காட்டிரலாம். இல்லாததை எதைக் காட்டிச் சொல்றது?"

"கையில மூணு படம் வச்சிருக்கீங்களே."

"அவளுக்கு இது புரியுமா?"

"உங்களுக்கு எப்பப் புரிஞ்சுது?"

"என் குன்றைப் பார்த்த பிறகு."

"அதை முதல்ல காட்டுங்க. ரெண்டாவது அவங்களோடது. மூணாவதை நீங்க காட்ட வேண்டாம். அவங்களே கையை நீட்டி வாங்குவாங்க."

சீனிராஜ் படங்களை அந்த வரிசையில் அடுக்கினார். அப்படியும் நின்றார்.

"காலைல ஒரே வார்த்தைல நம்பிட்டா மேடம். இப்ப படத்தை நீட்டினா விட மாட்டா. இது யாரோடது, அது ஏன் பாதி, காலைல ஏன் அப்படிச் சொன்னீக, எம்பையனுக்கும் இதானா, மூத்தவளுக்கும் உண்டா... ஒவ்வொண்ணாக் கேப்பா. என்னால பதில் சொல்லி முடியாது."

ஜைனப் குளிர்பெட்டிக் கதவைச் சாத்தினார்.

"கேக்கட்டும் அண்ணாச்சி. கேக்காமப் பிடிச்சதைத்தான் காலைல பார்த்தோமே."

 சீனிராஜ் படங்களை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

2019 ஏப்ரல் 12, வெள்ளிக்கிழமை, தன்ஷிகாவுக்கு அவள் அக்காவின் எலும்பு மஜ்ஜை ஏற்றப்பட்டது.